பாலையும் பூளையும்

நம் முன்னோர் நிலத்தை ஐந்தாகப் பகுத்தனர் என்று பள்ளிப் பருவத்திலேயே படித்துவிட்டோம். ஆனால் தொல்காப்பியர் நிலங்களுக்குத் தெய்வம் வகுக்குமிடத்துக் காடு, மலை, வயல், கடல் என்னும் நான்கினை மட்டுமே கூறி அமைகின்றார். பாலைக்கு அங்கே தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலின் கொடுமையால் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை எனச் சிலப்பதிகாரம் விளக்கம் தருகின்றது. மழை பெய்தால் அந்நிலம் மீண்டும் முல்லையாகும், குறிஞ்சியாகும். ஆகவே தமிழன் மனத்தில் பாலை என்பது ஒரு நிலமன்று. நிலத்துக்கு வந்த ஒரு நோய்.

தமிழகத்து வறட்சிக்கு இவ்விளக்கம் பொருந்தும். ஆனால் பிழைப்பை நாடி வடக்கே வந்து, தார்ப் பாலையின் விளிம்பிலேயே குடியிருக்கும் நம்மவர்க்கு இது போதாது. ஜோத்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 36 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வதில் அது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. அம்மழையும் பெரும்பாலும் ஆடி, ஆவணி ஆகிய இரு திங்களில் முடிந்துவிடும். ஆயினும் அந்நிலம் எதிலிருந்தும் திரிந்ததன்று. அங்குள்ள செடிகொடிகள் அந்த வெயிலுக்கும் அந்தப் பாறைக்குமே உரியவை. அவற்றை அகற்றிவிட்டு அந்நிலத்தைப் ‘பசுமையாக்க’ முனைந்தவர்களின் வரலாற்றையும், பின்னர் அச்செடிகளை மீண்டும் தேடிக் கொணர்ந்தவர்களின் வரலாற்றையும் இங்கே கூற விழைகின்றோம்.

ராவ் ஜோதா என்னும் ராத்தோர் அரசர் மண்டோரிலிருந்து தம் தலைநகரை மாற்றி 1459-ஆம் ஆண்டில் மெஹ்ரான்கர் கோட்டைக்கு அடிக்கல் நாட்டினார். அக்குன்றில் தவமிருந்த சீரியாநாத்ஜி என்னும் துறவி, தம்மை இடம்பெயரச் செய்த அரசரைச் சினந்து, ‘நின் கோட்டைக்கு என்றும் நீர்ப்பஞ்சம் தீராதொழிக’ எனச் சபித்தார் என்பது செவிவழிக் கதை. சாபத்தை நாம் நம்ப வேண்டுவதில்லை. அக்குன்றின் கல்லே போதிய விளக்கம் தரும். ஏறத்தாழ 75 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைகள் கக்கிய குழம்பும் சாம்பலும் இறுகி உண்டானது அது. செந்நிறங் கொண்ட அவ்வகைப் பாறைக்கு ரயோலைட் என்று பெயர். உளியை எளிதில் ஏற்காத கடுங்கல். அதன்மேல் விழும் மழை நிற்பதில்லை, வெடிப்புகளில் மட்டுமே சிறிது இறங்கும்.

அந்த வெடிப்புகளே அங்குள்ள செடிகளின் உலகம். ‘தோர்’ என்று மார்வாடிகள் அழைக்கும் கள்ளி, ஆளுயரத்துக்குக் கொத்துக் கொத்தாக நிற்கும். அதன் முள்ளுக்கு அஞ்சி ஆடு நெருங்குவதில்லை. ஆகவே வேறு பல இளஞ்செடிகள் அதன் மடியில் பிழைத்து வளர்கின்றன. ‘கேர்’ என்பது இலையே இல்லாத முட்புதர். பச்சைத் தண்டே இலையின் வேலையைச் செய்கிறது. செங்கல் நிறத்தில் பூத்து, சுண்டைக்காய் அளவில் காய்க்கும். அக்காயைக் கசப்புப் போக ஊறவைத்து உலர்த்தி, ‘சாங்க்ரி’ என்னும் நெற்றோடு சேர்த்துச் சமைப்பது அந்நாட்டு விருந்து. சாங்க்ரி காய்க்கும் மரம் ‘கேஜ்ரி’. பெயரைக் கேட்டு மலைக்க வேண்டா. அது நம் வன்னி மரமேதான். விருத்தாசலம் திருக்கோயிலில் தலமரமாக நாம் வலம் வரும் வன்னியின் காயை மார்வாடி உலையிலிட்டுப் பஞ்ச காலத்தில் உயிர் காத்தான்.

‘போர்டி’ என்னும் குற்றிலந்தையின் கதை இன்னும் சுவையுடையது. இடுப்பளவே வளரும் இப்புதரை ஆண்டுதோறும் அடியோடு வெட்டி உலர்த்தி, தடியால் அடித்து இலையை உதிர்ப்பார்கள். அவ்விலை ‘பாலா’ எனப்படும் கால்நடைத் தீவனம். எஞ்சிய முட்கிளை வேலியாகும். வெட்டுண்ட அடியிலிருந்து அடுத்த மழையில் புதிய தளிர் அடர்ந்து எழும். இங்ஙனம் உழவனின் அரிவாளும் ஆட்டின் வாயும் சேர்ந்தே இப்புதர்களைக் குறுக்கி, அடர்த்தியாக்கி வைத்தன. தோட்டக்காரன் கத்தரிக்கோல் கொண்டு செய்வதை அங்கு வாழ்க்கையே செய்தது எனலாம். மணற்பாங்கான இடங்களில் ‘போக்’ என்னும் புதர் உண்டு. அதன் மொட்டைத் தயிரில் கலந்து உண்பார்கள். அதன் வேரில் நல்ல கரி கிடைத்ததால் தோண்டித் தோண்டியே பல இடங்களில் அதனை அழித்தும் விட்டார்கள். உள்ளூரார் யாவரும் தம் செடியைப் போற்றினர் என்று கூறுவது வரலாறாகாது.

இனி, அயலிலிருந்து வந்த மரத்தைப் பற்றிக் கூறவேண்டும். அதன் இந்திய வரலாறு தார்ப் பாலையில் தொடங்கவில்லை, நம் சென்னை மாகாணத்தில்தான் தொடங்குகிறது. மாகாண வனத்துறையில் உயர் அதிகாரியாக விளங்கிய பெடோம் என்பார் தாவர நூல் வல்லுநர். தென்னாட்டு மரங்களைப் பற்றி இன்றும் அறிஞர் போற்றும் நூல்களை எழுதியவர். வறண்ட மாவட்டங்களுக்கு விறகு வேண்டும் என்று கருதி அவர் கேட்டதன் பேரில், ஜமைக்காத் தீவிலிருந்து வந்த விதை 1877-ஆம் ஆண்டளவில் கடப்பைப் பகுதியில் ஊன்றப்பட்டது. நாம் சீமைக்கருவேல் என்றும், தில்லியில் விலாயதி கீக்கர் என்றும் அழைக்கும் மரம் அதுவே. தாவர நூலார் அதனை நெடுங்காலம் வன்னியின் இனத்திலேயே சேர்த்து எண்ணி வந்தனர்.

ஜோத்பூர் அரசுக்கு அம்மரம் 1913-இல் வந்தது. பின்னர் 1930-களில் மகாராஜா உமைத் சிங் அதன் விதையை விமானத்திலிருந்து தூவச் செய்தார். விமானம் ஓட்டுவதில் பெருவிருப்பம் கொண்டவர் அவர். 1940-இல் அம்மரம் அவ்வரசின் ‘ராஜ மரம்’ என அறிவிக்கப்பட்டது, வெட்டுதல் தடுக்கப்பட்டது. இன்று இதனைப் படிப்பவர் நகைக்கலாம். நாம் நகைக்க மாட்டோம். விக்கிரம ஆண்டு 1956-இல், அதாவது 1899-1900-இல், மார்வாரைச் சூறையாடிய ‘சப்பனியா’ப் பஞ்சத்தின் நினைவு அம்மக்களை விட்டு அகலாதிருந்த காலம் அது. அதே மகாராஜா 1929-இல் தொடங்கிய பெரிய அரண்மனையும் பஞ்சத்தில் வாடியோர்க்குக் கூலி கொடுப்பதற்காக எழுந்ததே. தழைக்கும் எதனையும் வரம் என்று கருதிய அரசரைக் குறை கூறுவது எளிது. தவறு அவருடைய இரக்கத்தில் இல்லை. தம் நாட்டை ஒன்றுமில்லாத நிலம் என்று அவர் எண்ணியதில் இருந்தது.

வந்த மரமோ கேட்பாரின்றிப் பரவியது. அதன் இனிய நெற்றினைத் தின்ற ஆடுமாடுகள் போகுமிடமெல்லாம் விதையைச் சாணத்தோடு இட்டுச் சென்றன. அதன் இலையை அவை தொடுவதில்லை. ஆகவே பக்கத்திலுள்ள குற்றிலந்தையை ஆடு மேயும், சீமை மரம் தப்பிக்கும். வேர் நீரைத் தேடி நெடுந்தொலைவு செல்லும். அதன் நிழலில் பிற செடிகள் முளைப்பது அரிது. மார்வாடிகள் இதற்கு இட்ட பெயர் ‘பாவ்லியா’, அதாவது பித்தன். பெயரிடுவதில் அம்மக்கள் வல்லவர்கள்.

தில்லியிலும் நடந்தது இதுவே. 1911-இல் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்டதும், புதிய மாளிகைகளின் பின்னணியில் ரிட்ஜ் குன்று மொட்டையாகத் தோன்றலாகாது என்று ஆங்கில அதிகாரிகள் கருதினர். குன்று அரசுக் காடாக்கப்பட்டது, மேய்ச்சல் தடுக்கப்பட்டது, சீமைக்கருவேல் ஊன்றப்பட்டது. அங்கே கேர் இருந்தது, குற்றிலந்தை இருந்தது, நம் ஆடாதோடையும் இருந்தது. இன்றும் சர்தார் படேல் மார்க் வழியே அலுவலகம் செல்லும் அன்பர்கள் பேருந்துச் சன்னலுக்கு வெளியே நோக்கினால், பசுமையாகத் தோன்றுவதில் பெரும்பகுதி அச்சீமை மரமே. இராமநாதபுரத்து மக்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. அங்கே அம்மரத்தின் கரியால் பல குடும்பங்கள் அடுப்பு மூட்டின. அதே மரம் கண்மாய்களைத் தூர்த்தது. 2017-ஆம் ஆண்டளவில் அதனை அகற்றுமாறு உயர் நீதிமன்றமே ஆணையிடும் நிலை வந்தது.

மெஹ்ரான்கர் கோட்டையின் அடிவாரத்தில் ஏறத்தாழ 70 ஹெக்டேர்ப் பாறை நிலம் பாவ்லியாவால் மூடிக் கிடந்தது. 2006-ஆம் ஆண்டில் கோட்டையின் அருங்காட்சியக அறக்கட்டளையினர், அதனை மீட்டுத் தருமாறு பிரதீப் கிருஷன் என்பாரை அழைத்தனர். இவர் முன்பு திரைப்படம் எடுத்தவர். ‘மாசி சாஹிப்’ 1985-இல் வெளிவந்தது. பின்னர் மரங்களின்பால் மனம் சென்று, தில்லி மரங்களைப் பற்றி 2006-இல் நூல் வெளியிட்டார். தாவரவியலில் பட்டம் பெறாதவர். பட்டம் பெற்றவர்கள் பலர் முயலாத வேலையை அவர் மேற்கொண்டார் என்பதை, பி.ஏ. பட்டத்தோடு கோப்புகளிடையே வாழ்நாளைக் கழிக்கும் யாம் ஒரு சிறு மகிழ்ச்சியோடு குறிப்பிடுகின்றோம்.

முதல் இடையூறு பாவ்லியாவின் வேர். மேலே வெட்டினால் அது மடிவதில்லை. மண்ணுக்குக் கீழே ஒரு முழம் வரை உள்ள அடிக்கட்டையில் உறங்கும் மொட்டுகள் மீண்டும் தளிர்க்கும். எனவே அடிக்கட்டையைத் தோண்டி எடுத்தாக வேண்டும். அது புகுந்திருப்பதோ எரிமலைக் கல்லின் வெடிப்பில். இயந்திரம் ஏறாத சரிவு அது. அப்பொழுது கைகொடுத்தவர்கள் கண்ட்வாலியாக்கள். தலைமுறை தலைமுறையாக ஜோத்பூரின் கற்சுரங்கங்களில் உழைத்த கல்தொழிலாளர்கள் இவர்கள். சுத்தியலால் பாறையைத் தட்டி, எழும் ஓசையைச் செவிமடுத்தே எங்கே வெடிப்பு, எங்கே வலு என்று கண்டுகொள்வார்கள். உளியும் சுத்தியலுமே கொண்டு ஒவ்வொரு மரமாக, ஒன்று ஒன்றரை அடி ஆழத்துக்குப் பாறையைக் குடைந்து வேரோடு களைந்தார்கள். கோட்டையைக் கட்டியோர் பெயரைக் கல்வெட்டில் தேடும் நாம், இவர்களைப் பற்றியும் ஒரு வரி எழுதி வைத்தல் தகும்.

மரம் போன இடத்தில் குழி எஞ்சியது. அக்குழியே புதிய செடிக்குத் தொட்டிலாயிற்று என்பதுதான் இவ்வரலாற்றில் எமக்கு மிகவும் பிடித்த செய்தி. ஆனால் எதனை நடுவது? கடையில் கிடைக்கும் செடி அங்கே பிழைக்காது. பாலைச் செடிகளிலும் மணலுக்கு உரியவை வேறு, பாறைக்கு உரியவை வேறு. போக்கைக் கொண்டுவந்து ரயோலைட்டில் நட்டால் அது வாழாது. எனவே பாறைச் செடிகள் எங்கெங்கு உள்ளன என்று தார் முழுதும் சுற்றித் தேடினார்கள். விதை திரட்டி நாற்றங்காலிட்டார்கள். மழை தொடங்கியதும் குழிகளில் நட்டார்கள். தோர், கேர், குற்றிலந்தை, குங்கிலியம் போன்று மணக்கும் ‘குக்கல்’ என எண்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் அங்கே குடியேறின. பித்தனும் எளிதில் விட்டுவிடவில்லை; விதை முளைக்குந்தோறும் பிடுங்க வேண்டியிருந்தது. 2011-ஆம் ஆண்டில் ‘ராவ் ஜோதா பாலைப் பாறைப் பூங்கா’ பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பின்னர் ஜெய்ப்பூரில் கிஷன் பாக் என்னுமிடத்து மணல்மேடுகளிலும் அவரே இத்தகைய பூங்கா ஒன்றை உருவாக்கினார். அது 2021-இல் திறக்கப்பட்டது.

அரசு ஆராய்ச்சிக்கும் இதில் பங்குண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. ஜோத்பூரில் 1952-இல் நிறுவப்பட்ட பாலைவனக் காடு வளர்ப்பு நிலையம், 1959-இல் மத்திய வறள்மண்டல ஆராய்ச்சி நிறுவனமாக உயர்ந்தது. ஓடும் மணலைக் கட்டுவதற்கு உள்ளூர்ப் புதர்களையே வரிசை வரிசையாக ஊன்றும் முறையை அது வகுத்தது. அதே நிறுவனம் 1958-இல் இஸ்ரேலிலிருந்து ஒரு வேல மரத்தையும் வருவித்துப் பரப்பிற்று. விரைந்து வளரும் அயல் மரத்தின்பால் உள்ள மோகம் அரசர்களோடு ஒழியவில்லை.

2019-ஆம் ஆண்டு டிசம்பரில் விடுமுறைச் சலுகையில் குடும்பத்தோடு ஜோத்பூர் சென்றபோது இப்பூங்காவைக் கண்டோம். சிங்கோரியா போல் என்னும் பழைய வாயிலே அதன் நுழைவிடம். எம் அன்னையார் கொங்கு நாட்டவர். தந்தையார் மறைந்தபின் எம்மோடு தில்லிக்கு வந்தவர். வந்த நாள் முதல் அவருக்கு இருந்த ஒரு மனக்குறை, பொங்கலுக்கு முதல் நாள் காப்புக் கட்டப் பூளைப்பூ கிட்டவில்லை என்பது. வேப்பிலை தில்லியில் வேண்டுமட்டும் உண்டு. பூளையும் ஆவாரையும் இல்லாத காப்பை அவர் காப்பாகவே மதித்ததில்லை. பூங்காவின் பாதையில் மெல்ல நடந்து வந்தவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார்.

“கண்ணு, இது நம்மூட்டுப் பூளைப்பூ மாதிரியே இருக்குதே!”

வெண்பஞ்சு போன்ற கதிர்கள், சாம்பல் பூத்த சிற்றிலைகள், முழங்காலளவு உயரம். வழிகாட்டிய இளைஞர் அதன் பெயர் ‘பூய்’ என்றார். அக்கதிரைத் தலையணையில் அடைத்து உறங்குவது மார்வாடி வழக்கம் என்றும் கூறினார். அன்னையார் கண்டது பிழையன்று. பூய் நம் சிறுபூளையின் உடன்பிறந்த இனம். உருவில் மட்டும் பெரியது. இரு மொழிகளுக்கும் இடையே நின்று யாம் பெயர்த்துச் சொல்ல, தலையணைச் செய்தி கேட்டு அவர் சிரித்தார். “நாம நெலவுல கட்டறோம், இவுங்க தலைக்கு வெச்சுக்கறாங்க” என்றார்.

பூங்காவில் பறித்தல் கூடாது, பறிக்கவுமில்லை. ஊருக்கு வெளியே சாலையோரத்து மணலில் அதே செடி களையாக மண்டிக் கிடந்தது. உலர்ந்த கதிர் நான்கைந்தினைத் தாளில் மடித்துக் கொண்டு வந்தோம்.

தில்லி அரசுக் குடியிருப்பில் எமக்குத் தரைத்தளம். நன்கு வெயில் காயும் நான்கடி நிலம் உண்டு. 2020-ஆம் ஆண்டு மழையில் விதைத்தோம். எருவிட்டோம், நாள்தோறும் நீர் வார்த்தோம். முளைத்தவை யாவும் ஒரு திங்களுக்குள் அழுகி மடிந்தன. பாலைச் செடிக்கு விருந்து வைத்துக் கொன்றோம் என்பதைப் பின்னரே உணர்ந்தோம். எம் தவறு பிறர்க்கு உதவக்கூடும் ஆதலின், மறுமுறை செய்ததைக் கூறுகின்றோம். ஓரடி மண்ணை எடுத்துவிட்டு, உடைந்த செங்கல்லும் ஆற்று மணலும் கலந்து மேடாக்கினோம். எரு அறவே இடவில்லை. 2021-இல் முதல் நல்ல மழைக்குப் பின் விதையை மேலாகத் தூவினோம். முளைகள் நான்கு விரல் உயர்ந்தபின் ஒரு முழத்துக்கு ஒன்றாக விட்டு ஏனையவற்றைக் களைந்தோம். மழை நின்றபின் வாரம் ஒருமுறை மட்டும் நீர், ஐப்பசிக்குப்பின் அதுவுமில்லை. நீண்ட நுனிகளை ஒருமுறை கிள்ளியதால் செடி பரந்து குறுகி நின்றது. ஆடாதோடையின் குச்சி இரண்டையும் பக்கத்தில் ஊன்றினோம். இருமலுக்கு இலை கேட்டு அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மையார் இன்றும் வருகின்றார்.

குடியிருப்புத் தோட்டத்தைப் பராமரிப்போர் ஒருநாள் புல் வெட்ட வந்து, பூய்ச் செடிகளைக் களையென்று பிடுங்க முற்பட்டனர். நான்கில் ஒன்று போயிற்று. அன்னையார் தமக்குத் தெரிந்த நான்கு இந்திச் சொற்களையும் ஒருசேரப் பயன்படுத்தி எஞ்சிய மூன்றினைக் காத்தார்.

2022-ஆம் ஆண்டு போகியன்று காலை, பனிமூட்டத்தில் கதிர்கள் நனைந்திருந்தன. அவற்றை அடுப்பருகே காட்டி உலர்த்தி, வேப்பிலையோடு சேர்த்து நிலைப்படியில் கட்டினார். ஆவாரம்பூ அவ்வாண்டும் இல்லை. அதன் விதையைக் கோவையிலிருந்து உறவினர் ஒருவர் அனுப்பி வைத்தார். தில்லிக் குளிரில் இருமுறை கருகிவிட்டது. மூன்றாம் முறைக்கான விதை அன்னையாரின் வெற்றிலைப் பெட்டியில் இருக்கின்றது.